பகட்டான முகப்பா, எளிய பக்கமா?

ஒரு இணையதளம் கண்ணுக்குப் பிடித்திருக்கிறதா என்பதை மனம் 50 மில்லிவினாடிகளுக்குள்ளேயே எடைபோட்டுவிடுகிறது என்று கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் எழுதினார்கள். அந்த முதல் பார்வையில் முழுத்திரைப் படமும் நகரும் காட்சிகளும் கொண்ட முகப்பு எளிதில் மயக்கிவிடும். ஆனால் படம் இறங்கும்வரை அது வெறும் வெள்ளைத் திரை. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். மெதுவான இணைப்பில் கனமான பக்கங்கள் அங்கேயே தோற்கின்றன.

எளிய பக்கம் பிரமிக்க வைக்காது. எழுத்துதான் அதன் முகம், அதனால் எழுத்துருவிலும் நிறத்திலும் சமரசம் கூடாது. கீ, கூ என்று மேலும் கீழும் நீளும் தமிழ் எழுத்துகளுக்கு வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்கிறது இணைய அணுகல் வழிகாட்டி. வெள்ளைமேல் வெளிர்சாம்பல் எழுத்தை இன்னும் அழகென்று நினைக்கிறார்களே என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பார்வை மங்கியவர்களால் அதைப் படிக்கவே முடியாது.

புகைப்படக் கலைஞருக்கு முதல் வகை பொருந்தும். தொடர்ந்து படிக்க வரவேண்டிய தளத்துக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன். திரும்பி வருபவருக்கு மெனுவும் தேடல் பெட்டியும் போன முறை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.