முதல் ஃபுல் மராத்தான்: இருபதுகளிலா, முப்பதுகளிலா?

என் அக்கா மகனுக்கு 23 வயது. ஓடத் தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் போன ஜனவரியில் 21 கிலோமீட்டர் ஹாஃப் மராத்தானை 1 மணி 36 நிமிடத்தில் முடித்துவிட்டான். அன்று காலை பெசன்ட் நகரில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "மாமா, அடுத்த வருஷம் ஃபுல்தான்" என்றான், அதாவது 42 கிலோமீட்டர். வேண்டாம்டா என்றேன். "ஏன் மாமா, கென்யாவோட கிப்டும் 23 வயசுலதானே மராத்தான்ல வேர்ல்ட் ரெக்கார்ட் வச்சார்?" என்று மடக்கினான். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. வாயில் இட்லி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வழியிலும் நான் போய்ப் பார்த்திருக்கிறேன். 26 வயதில், பழைய மகாபலிபுரம் சாலையில் வேலையும் கேன்டீன் சாப்பாடுமாக இருந்த காலத்தில், ஐந்து மாதப் பயிற்சியோடு முதல் ஃபுல் ஓடினேன். 4 மணி 52 நிமிடம். அதன் பிறகு நீண்ட இடைவெளி. 33 வயதில் மறுபடி தொடங்கி, ஆறு வருஷம் 10 கிலோமீட்டரும் ஹாஃபும் மட்டுமே ஓடினேன். 39-ல் இரண்டாவது ஃபுல்: 3 மணி 38 நிமிடம். இப்போது 42. நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது இதிலேயே தெரிந்திருக்கும், நடுநிலை வேஷம் போடப் போவதில்லை.

இளமைக்கு இருக்கும் சாதகங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. இதயத்தின் உச்சத் துடிப்பு அதிகம், தூக்கம் குறைந்தாலும் உடம்பு தாங்கும், வீட்டில் ஸ்கூல் வேன் கவலை கிடையாது. 26 வயதில் ஞாயிறு காலை 28 கிலோமீட்டர் ஓடிவிட்டு மாலையில் கிரிக்கெட்டும் ஆடியிருக்கிறேன். இப்போது அதே தூரம் ஓடினால் திங்கள்கிழமை மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குகிறேன்.

சரி, உலக மேடையில் என்ன நடந்திருக்கிறது? 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பெண்கள் மராத்தான் தங்கம் ருமேனியாவின் கான்ஸ்டன்டினா டிட்டாவுக்கு. அவருக்கு வயது 38. ஒரு வாரம் கழித்து ஆண்கள் தங்கம் கென்யாவின் சாமுவேல் வஞ்சிருவுக்கு. அவருக்கு 21. ஒரே ஊர், ஒரே ஒலிம்பிக், நடுவில் 17 வயது வித்தியாசம். வஞ்சிரு அன்று 2:06:32-ல் ஓடி முறியடித்தது யாருடைய ஒலிம்பிக் சாதனையை என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. போர்ச்சுகலின் கார்லோஸ் லோபஸ் 1984-ல் லாஸ் ஏஞ்சலஸில் 37 வயதில் வைத்த 2:09:21. 24 வருஷம் அசையாமல் இருந்த சாதனை. அடுத்த வருஷமே ராட்டர்டாமில் 2:07:12 ஓடி உலக சாதனையும் படைத்தார் லோபஸ், 38 வயதில். வஞ்சிருவின் ஒலிம்பிக் சாதனையை 2024 பாரிஸில் முறியடித்த எத்தியோப்பியாவின் தமிராட் டோலாவுக்கு மறுநாள் 33-வது பிறந்தநாள்.

ஒலிம்பிக் சாதனையில் 37, 21, 32 என்று வயது தாறுமாறாகக் குதிக்கிறது. உலக சாதனைப் பட்டியலில் கொஞ்சம் ஒழுங்கு இருக்கிறது. 2003 முதல் 2023 வரை ஆண்கள் மராத்தான் உலக சாதனை ஒன்பது முறை மாறியது. பால் டெர்காட் 34 வயதில், கெப்ரெசெலாசி 34-லும் 35-லும், மக்காவ் 26-ல், கிப்சங் 31-ல், கிமெட்டோ 30-ல், கிப்சோகே 33-லும் 37-லும், கடைசியாக கிப்டும் 23-ல். ஒன்பதில் ஏழு முப்பதைத் தொட்டவர்களின் கையில். மருமகன் ஒன்பதாவதை மட்டும் பிடித்துக்கொண்டான்.

ஆனால் இந்தப் பட்டியலை வைத்து "முப்பதுக்கு மேல்தான் உச்சம்" என்று முடித்துவிடுவதும் தப்பு. நானே கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறந்த வருஷத்தை விட்டுவிட்டு, கால் எத்தனை வருஷம் ஓடியிருக்கிறது என்று கணக்குப் போட்டால் படம் மாறுகிறது. வஞ்சிரு பதின்வயதிலேயே கென்யாவிலிருந்து ஜப்பானுக்குப் போய் அங்குள்ள பள்ளிக்காக ஓடியவர். ஒலிம்பிக் தங்கத்துக்கு முன்பே ஹாஃப் மராத்தானில் 58:33 என்று உலக சாதனை வைத்திருந்தார். கிப்டும் மட்டும் என்ன, 2022 டிசம்பரில் வாலென்சியாவில் முதல் மராத்தான் ஓடுவதற்கு இரண்டு வருஷம் முன்பே அதே ஊரில் ஹாஃபை 58:42-ல் ஓடியவர். கிப்சோகே 2003-ல், 18 வயதில், 5000 மீட்டர் உலக சாம்பியன். அதற்குப் பிறகும் பத்து வருஷம் டிராக்கில் ஓடிவிட்டு 28 வயதில்தான் ஹாம்பர்கில் முதல் மராத்தானுக்கு வந்தார். ஆகவே 23 வயது கிப்டுமுக்கும் 23 வயது என் மருமகனுக்கும் பொதுவானது ஆதார் அட்டையில் இருக்கும் வயது மட்டும்தான். ஓட்ட வயதில் என் மருமகன் இன்னும் தவழ்கிறான்.

இப்போது நான் முடிவெடுக்கக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். உடம்பு தேயும் வேகம் ஒன்று, பழுது பார்த்துக்கொள்ளும் வேகம் ஒன்று. மற்றதெல்லாம் எனக்கு இதற்கு அப்புறம்தான்.

புதிதாக ஓடத் தொடங்குகிறவருக்கு மூச்சு சில வாரங்களிலேயே பழகிவிடுகிறது. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் கூடுகிறது, தசைக்குள் நுண்குழாய்கள் பெருகுகின்றன. மூன்றாவது மாதம் "இன்னும் ஓடலாமே" என்று தோன்றும். ஆனால் எலும்பும் தசைநாணும் அந்த வேகத்தில் வருவதில்லை. குதிகாலுக்கு மேலே இருக்கும் அகிலிஸ் தசைநாணுக்கு ரத்த ஓட்டமே குறைவு, அது கெட்டிப்பட மாதக்கணக்கில் ஆகும். எலும்பின் கதை இன்னும் மோசம். அதிர்ச்சி வாங்கிய எலும்பு தன்னைப் புதுப்பிக்கும்போது, முதலில் பழைய பகுதியை அரித்து எடுக்கிறது, பிறகுதான் புது எலும்பைப் போட்டு நிரப்புகிறது. முழுச் சுற்றும் முடிய மூன்று நான்கு மாதம் பிடிக்கும். அதாவது பயிற்சி தொடங்கிய சில வாரங்களில் எலும்பு முன்பைவிடக் கொஞ்சம் பலவீனமாக இருக்கும் ஒரு கட்டம் உண்டு.

நம் தெருவில் குழாய் போடத் தோண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தோண்டுவது ஒரே நாளில் நடக்கும், மூடுவது எப்போது என்று தெரியாது. அந்த இடைவெளியில் மேலே தண்ணீர் லாரி போனால் என்ன ஆகுமோ, அதுதான் என் காலுக்கு ஆனது. 26 வயதில் நன்றாக மூச்சு வந்தது, அதனால் வாரம் 30 கிலோமீட்டரிலிருந்து இரண்டு மாதத்தில் 65-க்குப் போனேன். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே முன்னெலும்பில் விரல் வைத்தால் சுரீர் என்றது. ஷூவை மாற்றினேன், ஐஸ் வைத்தேன், தைலம் தேய்த்தேன், அதோடுதான் போட்டியும் ஓடினேன். முதலில் பார்த்த டாக்டர் எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்றார். ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மூன்று வாரம் கழித்து எம்ஆர்ஐயில் மயிரிழை விரிசல் தெரிந்தது. 14 வாரம் ஓட்டம் இல்லை. அந்த 14 வாரம் சோம்பலோடு சேர்ந்து ஏழு வருஷமாக நீண்டது என் தனித் திறமை.

இளைஞன் சீக்கிரம் ஆறிவிடுவான் என்பது உண்மைதான். ஆனால் மூச்சு நன்றாக இருப்பதாலேயே அவன் எலும்பை மிஞ்சி ஓடிவிடுகிறான். 33 வயதில் திரும்பியபோது எனக்கு மூச்சே சரியாக வரவில்லை. அது நல்லதாகப் போயிற்று. வேகமாகப் போக முடியாததால் எலும்புக்கு அவகாசம் கிடைத்தது.

அந்த வருஷங்களில் காலுக்குள் வேறு என்ன நடக்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று பவுலா ராட்கிளிஃப். பிரிட்டனின் இந்த ஓட்டக்காரரை 1992 முதல் 2003 வரை ஆய்வகத்தில் தொடர்ந்து சோதித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அவர் உடம்பு உறிஞ்சக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு 18 வயதில் இருந்ததற்கும் பிறகு இருந்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மாறியது வேறு. அதே வேகத்தில் ஓட அவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் சுமார் 15 சதவீதம் குறைந்திருந்தது. நம் பாஷையில் சொன்னால் டேங்க் அதேதான், மைலேஜ் ஏறிவிட்டது. 2003-ல் லண்டனில் 29 வயதில் அவர் ஓடிய 2:15:25 என்ற உலக சாதனையை முறியடிக்க 16 வருஷம் ஆயிற்று. அந்த மைலேஜுக்குக் குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை. கார்பன் தகடு வைத்த ஷூ கொஞ்சம் தரும், அதன் விலைக்கு என் முதல் பைக்கின் முன்பணம் கட்டியிருக்கலாம்.

நம் ஊர்க் காற்றும் பொறுமைக்காரனின் கட்சிதான். மார்கழி விடியலில்கூடக் கடற்கரைச் சாலையில் வேர்வை ஆவியாவதில்லை, சொட்டுகிறது. ஆவியாகாத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. பந்தயம் தொடங்கும் நேப்பியர் பாலத்தில் நான்கு மணி இருட்டில் எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கும். சூரியன் ஏறிய பிறகு 32-வது கிலோமீட்டரில்தான் யார் முதல் பத்து கிலோமீட்டரில் அடக்கி ஓடினார்கள் என்று தெரியவரும். முதல் ஃபுல்லில் நான் முதல் பாதியை 2 மணி 5 நிமிடத்தில் ஓடி, இரண்டாம் பாதிக்கு 2 மணி 47 நிமிடம் எடுத்தேன். அடக்கம் என்பது பல ஹாஃபுகளில் தோற்றுக் கற்றுக்கொண்டது.

ஆனால் அடக்கம் சில நேரம் வெறும் பயமாகவும் இருக்கும். இங்கேதான் மறுபக்கத்துக்கு நான் முழுசாக விட்டுக்கொடுக்கிறேன். பெய்ஜிங் வெயிலில் மராத்தானை மெதுவாகத் தொடங்க வேண்டும் என்பதுதான் அனுபவசாலிகளின் பாடம். வஞ்சிரு முதல் கிலோமீட்டரிலிருந்தே விரட்டினார், பாடம் படித்தவர்கள் பின்னால் நின்றுவிட்டார்கள். 35 வயதில் அவர் அப்படி ஓடியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான். இன்னொன்று, காத்திருந்தால் காலம் கட்டாயம் கொடுக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. வஞ்சிரு 2011-ல் 24 வயதில் இறந்துபோனார். கிப்டும் 2023 அக்டோபரில் சிகாகோவில் 2:00:35 ஓடிவிட்டு, நான்கு மாதத்தில் கார் விபத்தில் போய்விட்டார், அவருக்கும் 24. அவர் ஓடியதே மூன்று மராத்தான், மூன்றிலும் வெற்றி. காத்திரு என்று அவரிடம் யாராவது சொல்லி, அவரும் கேட்டிருந்தால்? இதை நினைக்கும்போது என் வாதம் கொஞ்சம் தொண்டையில் சிக்குகிறது.

தாமதமாக வருவதற்கும் வாடகை உண்டு. 42-ல் என் வாரத்தில் ஓடும் நாள் நான்குதான். மற்ற நாட்களில் படியின் விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது, ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது, ஒன்பதரைக்குப் படுப்பது. கல்யாண ரிசப்ஷன்களில் முகம் காட்டிவிட்டு ஓடிவந்துவிடுவேன், சொந்தத்தில் அதற்குப் பேச்சும் வாங்கியிருக்கிறேன். அனுபவம் காயத்திலிருந்து காக்கும் என்றும் நம்ப வேண்டாம். டிராக்கில் எல்லாம் சாதித்துவிட்டு 31 வயதில் மராத்தானுக்கு வந்த எத்தியோப்பியாவின் பெகெலே, காயத்தாலும் பாதியில் விலகியதாலும் இழந்த பந்தயங்கள் ஏராளம். ஆனால் அதே பெகெலே 37 வயதில் 2:01:41 ஓடினார், 41 வயதில் லண்டனில் இரண்டாவதாக வந்தார். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். என் அனுபவம் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற ஒரு ஆணின் அனுபவம். பிள்ளை பெற்றபின் ஓட்டத்துக்குத் திரும்பும் பெண்ணுக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்று நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். பள்ளிக்கூட மைதானத்திலிருந்தே விடாமல் ஓடிவரும் 23 வயதுக்காரரும் என் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை, அவர் கால் ஏற்கெனவே பத்து வருஷம் பழுத்தது.

மருமகனிடம் பேரம் பேசி ஒரு வழியாக முடித்தேன். இரண்டு சீசன் ஹாஃபும் 10 கிலோமீட்டரும் மட்டும். வாரக் கணக்கு 50-ஐத் தாண்டக் கூடாது. நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் குறைத்து ஓட வேண்டும். மேடு வேண்டுமென்றால் அடையாறு பாலத்தில் ஏறி இறங்கட்டும், சென்னையில் நமக்குக் கிடைத்த மலை அதுதான். முன்னெலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்து வலித்தால் அன்றே எனக்கு போன். முதல் ஃபுல் 25-ல்.

"அப்போ உங்களுக்கு 44 ஆயிடும் மாமா, கூட ஓடுவீங்களா?" என்றான். முதல் பாதி வரை ஓடுவேன் என்றேன். "நீங்க மெதுவா வாங்க, ஃபினிஷ்ல இளநீரோட நிக்கிறேன்" என்றான். போன ஞாயிறு 16 கிலோமீட்டரில் என்னைவிட ஏழு நிமிடம் முன்னால் வந்துவிட்டான். வெட்டிய இளநீரில் பாதி தீர்ந்திருந்தது.