பிளாஸ்மா ஊசி என்று சொல்லி ஸ்டீரொயிட் ஏற்றினார்கள்: திருகோணமலையில் குதிக்கால், தோள்மூட்டு வலிக்கு ஊசி போடவிருப்போர் கவனத்திற்கு

திருகோணமலை நகரில் உள்ள ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் என் அண்ணாவுக்கு நேர்ந்ததை, சவ்வுக் கிழிவுக்கும் தசைநாண் வலிக்கும் ஊசி போட எண்ணியிருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அண்ணா உப்புவெளிக் கடற்கரையில் கரைவலை இழுப்பவர், நீரிழிவு நோயாளியும்கூட. மணலில் குதியை ஊன்றிப் பல வருடங்கள் வலை இழுத்ததில் கெண்டைத்தசையைக் குதியோடு இணைக்கும் குதிநாண் தடித்து, காலையில் எழுந்து நாலடி வைப்பதே வேதனையாகிவிட்டது. அவருடைய இரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும் பிளாஸ்மாவை ஏற்றினால் நாண் குணமாகும் என்று கூறி அந்நிலையத்தில் 35,000 ரூபாய் வாங்கினார்கள். ஊசி போட்டு, டைக்குளோபெனக் மாத்திரைகளையும் கொடுத்து, மறுநாளே தொழிலுக்குப் போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள். பற்றுச்சீட்டில் ‘ஊசிச் சிகிச்சை’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

பிளாஸ்மா ஊசிக்கு முதலில் கையிலிருந்து இரத்தம் எடுத்து, சுழல் இயந்திரத்தில் சுழற்றி, குருதிச் சிறுதட்டுகள் செறிந்த பகுதியைப் பிரிக்க வேண்டும். அண்ணாவிடம் ஒரு துளி இரத்தம்கூட எடுக்கப்படவில்லை. கொடுத்த மாத்திரையும் பொருந்தவில்லை. காயமுற்ற இடத்தில் அழற்சியை, அதாவது சிவந்து வீங்கும் எதிர்வினையைத் தூண்டி, அதன் வழியாக ஆறும் வேலையைத் தொடக்கிவைப்பதே பிளாஸ்மா ஊசியின் நோக்கம் என்பதால், அழற்சியை அடக்கும் டைக்குளோபெனக், இபுபுரோபென் போன்றவற்றை ஊசிக்குப் பின் சில வாரங்களுக்குத் தவிர்த்து, வலிக்குப் பரசிட்டமோல் மட்டும் எடுக்குமாறே பொதுவாகக் கூறுவார்கள். குளுக்கோசுக் கரைசல் ஏற்றும் புரோலோதெரபிக்கும் இதுவே பொருந்தும். ஸ்டீரொயிட் இதற்கு நேர்மாறானது: அழற்சியை அடக்கிச் சில நாட்களிலேயே வலியைப் போக்கும், ஆனால் தசைநாணைப் பலவீனப்படுத்தக்கூடும் என்பதால் குதிநாணில் அதை ஏற்றப் பெரும்பாலான வைத்தியர்கள் தயங்குகிறார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சீனியும் பல நாட்களுக்கு ஏறி நிற்கும்.

அண்ணாவுக்கு வலி விரைவில் மறைந்தது, சீனியோ முன்னொருபோதும் இல்லாத அளவுக்கு ஏறியது. வலி போய்விட்டதால், அவர்கள் சொன்னபடியே வலைக்குத் திரும்பினார். ஒரு நாள் கயிறு இறுகியபோது குதிக்கு மேலே யாரோ கட்டையால் அடித்தாற்போல் ஒலி கேட்டு நாண் அறுந்தது. அரச வைத்தியசாலையில் கெண்டைக்காலை அழுத்தியும் பாதம் அசையாததைப் பார்த்தே அறுந்துவிட்டது என்றார்கள். முன்பு ஏற்றிய மருந்து எதுவென்று அவர்கள் கேட்டபோது காட்டுவதற்கு எங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. பின்னர் நாங்கள் அந்நிலையத்தில் வற்புறுத்திக் கேட்ட பிறகே ஸ்டீரொயிட் என்று வாயால் ஒப்புக்கொண்டார்கள்; எழுதித் தர மறுத்துவிட்டார்கள்.

ஊசி போடுவது சில நிமிட வேலைதான். எந்த ஊசியானாலும் முதல் நாட்களில் மூட்டுக்குப் பாரம் கொடுக்காமல் இருந்து, மெல்ல அசைக்கத் தொடங்கி, பிறகு பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவில் வாரக்கணக்காகப் பாரத்தைக் கூட்ட வேண்டும். வலி நிற்பதும் நாண் உறுதிப்படுவதும் ஒன்றல்ல. புதிதாக உருவாகும் நார்கள் பலம்பெற மாதங்கள் செல்லும். காய்ச்சலோ, நாளுக்கு நாள் கூடும் சிவப்பும் வீக்கமுமோ தோன்றினால் அது தொற்றாக இருக்கலாம், அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். இவற்றில் ஒன்றையும் அண்ணாவுக்கு அங்கே எவரும் சொல்லவில்லை என்பதே எனக்குப் பணம் போனதைவிடப் பெரிய கோபம்.

மருந்தின் பெயர், அளவு, ஏற்றிய இடம், அடுத்த வாரங்களில் செய்ய வேண்டியவை ஆகிய எல்லாவற்றையும் எழுத்தில் தர மறுக்கும் இடத்தில் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். போடுபவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி தனியார் மருத்துவ நிறுவனங்களும் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். நாங்கள் முறைப்பாட்டை எழுதி அனுப்பியுள்ளோம். நகரில் இவ்வாறே இரத்தம் எடுக்காமல் ‘பிளாஸ்மா’ ஏற்றப்பட்டவர்கள் இருந்தால், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி, நீங்களும் முறைப்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.