3.3 வோல்ட் காட்டுதுன்னு ரெகுலேட்டரை நம்பிடாதீங்க

வேலூர் பக்கம் பேட்டரியில ஓடற சர்க்யூட் செய்யறவங்க, போர்டை வெளியில கொடுத்து சால்டர் பண்ணி வாங்கறவங்க, தயவுசெஞ்சு இதை முழுசா படிங்க.

மார்கழிப் பட்டம் மல்லாட்டைக்கு (நிலக்கடலை) மண் ஈரம் பார்க்க 20 கருவி செஞ்சேன். கே.வி.குப்பம், குடியாத்தம் பக்கத்துல சொந்தக்காரங்க நிலத்துக்கு. அரை மணிக்கு ஒரு தடவை முழிச்சு அளந்துட்டு திரும்பத் தூங்கிடும். ஆனா பேட்டரி வோல்ட்டை 3.3-க்கு இறக்கிக் கொடுக்கிற ரெகுலேட்டர் சிப்புக்குத் தூக்கமே கிடையாது, 24 மணி நேரமும் அது பேட்டரியில இருந்து குடிச்சுக்கிட்டே இருக்கும். அதனாலதான் சும்மா இருக்கும்போது சுமார் 4 மைக்ரோஆம்ப் (மில்லிஆம்ப்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரோஆம்ப்) மட்டும் எடுக்கிற எச்.டி.7333 ரெகுலேட்டர்தான் வேணும்னு, போர்டு சால்டர் பண்ற கடையில எழுதியே கொடுத்தேன். அதுக்குன்னு போர்டுக்கு 25 ரூபா கூடவும் வாங்கினாங்க.

டெலிவரி அன்னைக்கு கடைக்காரர் 5 வோல்ட் மொபைல் சார்ஜர்ல மாட்டி, மீட்டரை வச்சு 3.30 காட்டினார். நானும் சந்தோஷமா வாங்கிட்டு வந்துட்டேன்.

பதினஞ்சு நாள்கூட ஆகல. மாமா போன்ல, "தம்பி, இன்னாபா பொட்டி குடுத்த? வெளக்கே எரியல." அடுத்தடுத்து மத்தவங்களும் கூப்பிட்டாங்க. போய் அளந்தா, 18650 லித்தியம் செல் ஒண்ணுல வெறும் 1.9 வோல்ட். அந்த அளவுக்கு வடிஞ்ச லித்தியம் செல்லைத் திரும்ப சார்ஜ் போடறது ஆபத்து. ஆறு செல் அப்படியே வீண்.

வீட்டுல லென்ஸ் வச்சுப் பார்த்தேன். சிப்போட தலையில எழுத்தே இல்ல, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச கீறல் மட்டும் குறுக்கும் நெடுக்குமா இருந்துச்சு. எச்.டி.7333-ல நடுக்கால் இன்புட். இதுல நடுக்கால்தான் அவுட்புட்! அதாவது 1117-ங்கிற வேற ரெகுலேட்டர் வகை. லோடு, அதாவது கரண்ட் எடுக்கிற மத்த பாகம் எதுவும் இல்லாம பேட்டரி வயர்ல மீட்டரைத் தொடரா மாட்டினா 5 மில்லிஆம்ப் கிட்ட ஓடுது. நான் கேட்ட சிப்பைவிட ஆயிரம் மடங்குக்கு மேல. 2000 எம்.ஏ.எச். (மில்லிஆம்ப்-மணி) செல்லை அது ஒண்ணே 400 மணி நேரத்துல காலி பண்ணிடும்.

இன்னொரு கொடுமை, 1117-க்கு அவுட்புட்டை விட ஒரு வோல்ட்டுக்கு மேல இன்புட் வேணும். முழுசா சார்ஜ் ஆன செல்லே 4.2 தான். சார்ஜர்ல 3.30 காட்டினது செல்லுல எப்படி வரும்? ஈர அளவு ஏன் தாறுமாறா வந்துச்சுன்னு அப்பதான் புரிஞ்சது. அந்த அளவை நம்பி ஒருத்தர் ரெண்டு தண்ணி தள்ளிப் போட்டிருக்கார். எனக்கு அதுதான் இன்னைக்கும் மனசு ஆறல.

கடையில கேட்டா, "ரெண்டும் 3.3 தானே சார், வோல்ட் வருதா இல்லையா?" ரெண்டும் ஒண்ணுன்னா எழுத்தை எதுக்குத் தேய்க்கணும்? பில்லுல வெறும் "போர்டு 20"ன்னுதான் போட்டிருந்தாங்க. பார்ட் நம்பர் இல்லாததால என்னால அழுத்திப் பேச முடியல. நீங்க பில்லுலயே நம்பரை எழுதச் சொல்லி வாங்குங்க. எழுதமாட்டேன்னா எழுந்து வந்துடுங்க. எழுதிட்டு மாத்திக் கொடுத்தா, நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு.

வாங்கும்போதே, சார்ஜர் வேணாம், நீங்க கொண்டுபோற செல்லுல மாட்டச் சொல்லுங்க. லோடைக் கழட்டிட்டு கரண்ட்டை அளங்க. முதல்ல மில்லிஆம்ப் ரேஞ்சுல வைங்க, எதுவும் காட்டலைன்னா மட்டும் மைக்ரோஆம்புக்கு இறங்குங்க. இல்லைன்னா மீட்டர் ஃபியூஸ் போயிடும்.

கால் வரிசை வேறங்கிறதால பழைய போர்டுல நேரா மாத்தி வைக்கவும் வழியில்ல. சின்ன வயர் போட்டு ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டிருக்கேன். 11 முடிஞ்சிருக்கு, 9 பாக்கி.