ஆல்சைட்ஸ்: தேர்தலுக்கு முந்தைய வாரத்தில் எவ்வளவு கைகொடுக்கும்?

ஒரே செய்தியை இடது, நடு, வலது சார்புள்ள ஊடகங்களிலிருந்து எடுத்து அருகருகே வைப்பதுதான் ஆல்சைட்ஸ் தளத்தின் வேலை. வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் செய்திப் பகுதிக்கும் கருத்துப் பகுதிக்கும் தனித்தனி மதிப்பீடு தருவது உருப்படியான ஏற்பாடு.

ஆனால் அது அளப்பது சார்பை மட்டுமே, செய்தி உண்மையா என்பதை அல்ல. அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கும்போது இது பெரிய ஓட்டை. 2016 அக்டோபர் 28, வாக்குப்பதிவுக்கு 11 நாள் முன்பு, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் அப்போதைய இயக்குநர் கோமி, வேட்பாளர் ஹிலாரி கிளிண்டனின் மின்னஞ்சல் விசாரணை பற்றி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு அனுப்பிய கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கிடைத்த மின்னஞ்சல்கள் முக்கியமானவையா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என அதிலேயே எழுதியிருந்தார். ஆனாலும் ‘விசாரணை மீண்டும் திறப்பு’ என்றுதான் தலைப்புகள் பறந்தன. கிளிண்டன் மீது வழக்குத் தேவையில்லை என்ற பழைய முடிவில் மாற்றமில்லை என்று நவம்பர் 6 அன்று அவர் சொல்வதற்குள் லட்சக்கணக்கானோர் முன்கூட்டியே வாக்களித்துவிட்டார்கள். எல்லாத் தரப்பும் ஒரே கடிதத்தைத் தப்பாகச் சுருக்கினால், அருகருகே வைத்து என்ன பயன்?

ஆகவே மூன்று தலைப்புகளையும் படித்த கையோடு மூல ஆவணத்தைத் திறந்து, தலைப்பிலுள்ள வினைச்சொல் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். அடுத்து, செய்தியின் இணைய முகவரியை, இணையப் பக்கங்களின் பழைய பதிவுகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒட்டி, காலையில் பதிவான பக்கத்தையும் மாலையில் பதிவானதையும் ஒப்பிடுங்கள். சத்தமில்லாமல் மாற்றிய தலைப்பு அங்கே அகப்படும்.