“வெளியில எடுங்க ஐயா”: ஹட்டன் பக்கத்துக் கிளினிக் யன்னலில் கண்டது

மாதக் கிளினிக்கின் வழக்கம் தெரிந்ததுதானே: விடியமுன் பஸ், நம்பர், கொப்பி, டொக்டர், கடைசியில் பார்மசி யன்னல். அந்த யன்னலில்தான் வயிறு எரிந்தது. மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் (இருதய இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு கம்பி வலை) வைத்து சில மாதமேயான தோட்டத்துப் பெரியவர் ஒருவரின் கடதாசி உறைகளில் அஸ்பிரின் 75 மில்லிகிராம் இருந்தது; இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் மற்ற மருந்தான க்ளொபிடோக்ரல் 75 இல்லை. “இது வெளியில எடுங்க ஐயா” என்று, வெளிப் பார்மசியில் வாங்கச் சொல்லி ஒரு துண்டு, அவ்வளவுதான். அது எதற்கு, விட்டால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை இல்லை. 

“அஸ்பிரின்தான் இருக்கே” என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஒன்றுக்கு மற்றது ஈடாகாது. இரத்தத்தை உறையவைக்கும் நுண்துணுக்குகளான இரத்தத் தட்டுகளை ஒட்டத் தூண்டும் த்ரொம்பொக்ஸேன் உருவாவதை அஸ்பிரின் தடுக்கிறது. க்ளொபிடோக்ரல் அதே தட்டுகளில் வேறொரு தூண்டலை ஏற்கும் வாங்கியை அடைக்கிறது. தட்டுகளில் சுமார் பத்தில் ஒரு பங்கு தினமும் புதிதாக வருவதால், நிறுத்தி ஐந்தாறு நாளில் மருந்தின் பலன் பெரும்பாலும் போய்விடும். உள்தோல் இன்னும் மூடாத ஸ்டென்ட் கம்பியில் இரத்தக் கட்டி பிடித்தால் திடீர் மாரடைப்புதான். அதற்கு முன் நோவு எதுவும் காட்டாமலே போகலாம். மாரடைப்புக்குப் பிறகு இரண்டையும் பொதுவாக 12 மாதம் எடுக்க வேண்டும். குறைப்பதை இருதய டொக்டரே சொல்ல வேண்டும், பல் பிடுங்கப் போனாலும்கூட.

டவுன் பார்மசியில்தான் மனம் குளிர்ந்தது. கவுண்டரில் நின்ற தங்கச்சி கொப்பியைப் புரட்டி, “வயித்துக்கு ஒமெப்ரஸோல் எடுக்கிறீங்களா?” என்று கேட்டார். எவ்வளவு சரியான கேள்வி! க்ளொபிடோக்ரல் ஈரலில் மாறினால்தான் வேலை செய்யும். ஒமெப்ரஸோல் அந்த மாற்றத்தைக் குறைக்கும். அதற்குப் பதிலாகப் பென்டொப்ரஸோல் போடலாமா என்று டொக்டரிடம் கேட்கச் சொன்னார்.

பத்து மாத்திரை வாங்கிச் சம்பளத்துக்குக் காத்திருக்க வேண்டாம். கடன் பட்டாவது அடுத்த கிளினிக் திகதிவரை எடுங்கள். கம்பனிப் பெயர் மாறினால் பரவாயில்லை, மருந்தின் பெயரும் 75உம் சரியாக இருக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு போடக்கூடாது. கொழுந்துக்கூடை சுமந்த முதுகு நோவுக்கு இபுப்ரொஃபென், டைக்ளோஃபெனக் வேண்டாம் (இந்த மருந்துகளோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியலாம்), பரசிட்டமோல் போதும். மலம் கறுத்துப் பிசுபிசுத்தால் அது அந்தக் கசிவாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நம் மலைப் பனியில் கடதாசி உறை ஈரம் இழுக்கும். அஸ்பிரினில் புளித்த வினாகிரி வாசம் வந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது, மாற்றிக் கேளுங்கள். இறுக்கமான மூடியுள்ள போத்தலில், அடுப்படிக்குத் தள்ளி வையுங்கள்.