அமைப்பா, கட்டமைப்பா, உள்ளமைவா?

பல உறுப்புகள் சேர்ந்து ஒன்றாக நிற்கும் விதத்தைச் சொல்ல இன்று மூன்று சொற்கள் போட்டி போடுகின்றன: அமைப்பு, கட்டமைப்பு, உள்ளமைவு. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான், ‘அமை’. அதனாலேயே ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

‘அமை’ வெறுமனே அடுக்கிவைப்பதைச் சொல்லும் வினை அல்ல. பொருந்துவது, அடங்குவது, நிறைவது எல்லாம் அதற்குள் உண்டு. ‘அமைதி’ பிறந்ததும் அதிலிருந்துதான். 474ஆம் குறளில் வரும் ‘அமைந்தாங்கு ஒழுகான்’, பிறரோடு பொருந்தி நடக்காதவன். ‘நல்ல வரன் அமைந்தது’ என்னும்போது தேடியலைந்த பாடு பின்னுக்குப் போய், தானாகக் கூடிவந்தது மட்டுமே முன்னால் நிற்கிறது.

இங்கே இலக்கணம் ஒரு நுட்பம் வைத்திருக்கிறது. அழிந்தால் அழிவு, அழித்தால் அழிப்பு. இணைந்தால் இணைவு, இணைத்தால் இணைப்பு. அதே கணக்கில், தானாக அமைந்தது அமைவு, ஒருவர் அமைத்தது அமைப்பு. ஆனால் வழக்கைப் பாருங்கள். சோடியம் அணுவில் எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்று நிற்பதை யாரும் உட்கார்ந்து அடுக்கவில்லை. அதை ‘எலக்ட்ரான் அமைப்பு’ என்கிறோம். கணினியில் ஒவ்வொரு தெரிவையும் ஆள் உட்கார்ந்து மாற்றுகிறார், அதற்கு ‘உள்ளமைவு’! இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. தவிர, அந்த ‘உள்’ எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை. வெளியே எந்தக் கருவியை எதோடு இணைப்பது என்பதும் அதில் அடக்கம்தானே?

உள்ளமைவு எந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக வந்ததோ, அந்தக் கான்ஃபிகரேஷனின் பூர்வீகமும் சுவையானது. லத்தீனில் முன்னொட்டுக்குச் ‘சேர்த்து’ என்று பொருள். மீதி ‘உருவம்’ என்ற சொல். அந்த உருவத்துக்கு அடியில் இருப்பது களிமண்ணைப் பிசைந்து உருக்கொடுக்கும் வினை. கற்பனைக் கதையைக் குறிக்கும் ஃபிக்‌ஷனும் அதே வினையின் பிள்ளை. ஐரோப்பியச் சோதிடத்தில் கோள்கள் ஒன்றுக்கொன்று நிற்கும் நிலைக்கும் கான்ஃபிகரேஷன் என்றே பெயர். நம் ‘ஜாதக அமைப்பு’ அதற்கு அச்சாகப் பொருந்துகிறது, ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததாகத் தெரியாவிட்டாலும்.

அமைப்பின் தொல்லை அதன் தாராளம். சங்கமும் அமைப்பு, கைப்பேசியின் செட்டிங்ஸும் அமைப்பு, வாக்கியம் நிற்கும் விதமும் அமைப்பு. ‘அந்த அமைப்பின் அமைப்பு சரியில்லை’ என்று ஒருவர் எழுதினால், படிப்பவர் ஒருமுறை நின்றுதான் போகவேண்டும்.

கட்டமைப்பில் இந்தக் குழப்பம் குறைவு. ‘கட்டு’ என்றால் பிணிப்பது. கட்டுமரம் என்பதே மரங்களைச் சேர்த்துக் கட்டியதுதான். ஆங்கில ஸ்ட்ரக்சர் அடுக்கிக் கட்டும் லத்தீன் வினையிலிருந்து வந்தது, ஆகவே இந்த இணை கச்சிதம். வைரமும் கிராஃபைட்டும் ஒரே கார்பன். அணுக்கள் பிணைந்த விதம்தான் வேறு. அங்கே கட்டமைப்பு என்பதே சரி, ஏனென்றால் பிணைப்பை உடைக்காமல் ஒன்றை மற்றொன்றாக்க முடியாது. நான் வைத்துக்கொண்ட அளவுகோலும் இதுதான்: பிரித்தால்தான் மாறும் என்றால் கட்டமைப்பு, பிரிக்காமலே மாற்றலாம் என்றால் அமைப்பு, தானாக நேர்ந்தது என்றால் அமைவு. உள்ளமைவை மென்பொருள்காரர்களுக்கே விட்டுவிடலாம். அங்கே அது வேரூன்றிவிட்டது.

இவற்றுக்கெல்லாம் மூத்த ஒரு சொல் உண்டு: யாப்பு. ‘யா’ என்றாலும் கட்டுவதுதான். எலும்பும் தசையும் கட்டுண்ட உடம்பு யாக்கை ஆனது அப்படித்தான். செய்யுளுக்கு 34 உறுப்புகள் சொல்கிறது தொல்காப்பியச் செய்யுளியல். ஆனால் யாப்பு செய்யுளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பாலத்தின் யாப்பு, மூலக்கூற்றின் யாப்பு என்று இன்று எழுதினால் யாரும் ஏற்கமாட்டார்கள். அப்புறம் கட்டுக்கோப்பு இருக்கிறது. கட்டுவதும் கோப்பதும் சேர்ந்த அழகான சொல், ஆனால் அது ஒழுக்கத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. ‘கட்டுக்கோப்பான இயந்திரம்’ என்றால் அது சரியான நேரத்துக்கு வேலைக்கு வருகிறதோ என்று தோன்றும்.