பைக்குக்கு ஃப்யூயல் டியூனர்: எந்த வகை நமக்கு? நெல்லை ரோட்டு அனுபவம்

எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் அளவை மாற்றும் சின்ன எலக்ட்ரானிக் பெட்டிதான் ஃப்யூயல் டியூனர். அதை மாட்டியிருக்கிறேன் என்றதும் எல்லாரும் கேட்பது, "பவர் எவ்வளவு கூடுச்சு?" ரெண்டு வருஷத்துக்கு மேல் மாட்டி ஓட்டுகிறவனாகச் சொல்கிறேன்: கம்பெனி சைலன்சரோடு ஓடும் வண்டிக்கு பவரை நம்பி இதை வாங்காதீர்கள். மெதுவாகப் போகும்போது வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறதா, அதற்கு வாங்குங்கள்.

என் வண்டி ஒற்றை சிலிண்டர் பிஎஸ்6. சாயங்கால நெரிசலில் ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் ரெண்டாவது கியரில் ஊர்ந்தால் உலுக்கி எடுத்துவிடும். சித்திரை வெயிலில் தொடையில் அனல் அடிக்கும். செயின், ஏர் ஃபில்டர், திராட்டில் பாடி எல்லாம் சரிபார்த்தும் தீரவில்லை. பாளையங்கோட்டையில் நான் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். "பாத்தியளா அண்ணாச்சி, சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கெடக்கு. பெட்ரோல் பத்தாமத்தான் ஓடுது."

காரணம் இதுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபின் புகை விதி இறுகிவிட்டது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக்கணக்கை ஒட்டியே வண்டியின் கம்ப்யூட்டரான இசியு எஞ்சினை ஓட்டுகிறது. புகைக்கு அது சரி; மெதுவாக ஊரும்போது என் வண்டி மாதிரி எஞ்சினுக்கு அந்தப் பெட்ரோல் பற்றாமல் உலுக்குகிறது. சைலன்சர் பைப்பில் ஆக்சிஜனை அளக்கும் ஓ2 சென்சார், பெட்ரோல் குறைந்தால் 0.1 வோல்ட் பக்கமும், கூடினால் 0.9 வோல்ட் பக்கமும் காட்டும். அதைப் பார்த்துப் பார்த்து இசியு திருத்திக்கொண்டே இருக்கும். ஊருக்குள் நாம் ஓட்டுவது முக்கால்வாசி இந்த நிலையில்தான். ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கினால் மட்டும் சென்சாரை விட்டுவிட்டு, தன்னிடம் உள்ள மேப்பை, அதாவது எப்போது எவ்வளவு பெட்ரோல் என்ற பட்டியலை, வைத்து ஓட்டும்.

இது புரிந்தால் எதை வாங்குவது என்பது பாதி முடிந்த மாதிரி. சில நூறு ரூபாய்க்கு விற்கிற சின்ன டப்பாக்கள் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரை ஏமாற்றுகின்றன. காற்று குளிர்ந்திருப்பதாக நினைத்து இசியு பெட்ரோலைக் கூட்டும். அடுத்த நொடியே ஓ2 சென்சார் காட்டிக்கொடுக்க, கூட்டியதைக் குறைத்துவிடும். காசு தண்டம். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தை மட்டும் நீட்டும் டியூனருக்கும் ஊருக்குள் அதே கதி. முழு முறுக்கில்தான் பலன். ஓ2 சென்சார் சிக்னலையும் சேர்த்துக் கையாளும் வகைதான் மேம்பால உலுக்கலைத் தீர்க்கும். நான் மாட்டியிருப்பது இந்த வகை.

பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸின் ரெண்டு பொருள்களையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஃப்யூயல்எக்ஸ் பெட்ரோல் அளவோடு நின்றுகொள்ளும். பவர்ட்ரானிக் ஸ்பார்க் நேரத்தையும் மாற்றும். சைலன்சர், ஃபில்டர் எல்லாம் மாற்றியவர்களுக்கு ரெண்டாவது சரி. ஆனால் மேப் தப்பினால் பெட்ரோல் நேரம் தவறி வெடித்து எஞ்சின் தட்டும். பவரை அளக்கும் டைனோ மெஷினில் ஏற்றி மேப் போட விவரமான ஆள் கிடைத்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

மாட்டியபின் மேம்பாலத்தில் உலுக்கல் கிட்டத்தட்ட இல்லை. செங்கோட்டை பக்கம் புளியரை மலைப்பாதை எஸ் வளைவில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து, இடம் கிடைத்ததும் முறுக்கினால் தயங்காமல் ஏறுகிறது. அனல் கொஞ்சம் தணிந்திருக்கிறது. பிளக் இப்போது காப்பிப்பொடி நிறம். ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழியில் எதிர்க்காற்றை முட்டும்போது மட்டும் எந்த வித்தியாசமும் இல்லை. அங்கே வேண்டியது நிஜமான பவர். மைலேஜ் லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் போல இறங்கியது. எனக்கு அது பெரிய விஷயமில்லை; தினமும் நாகர்கோவில் போய்வருகிறவர் யோசிக்க வேண்டும்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்தபின் முழு முறுக்கிலும் இதற்கு வேலை இருக்கிறது. எத்தனாலுக்கு 9 பங்கு காற்றே போதும். அதனால் இ20க்கு 14.7 கணக்கு ஏறக்குறைய 13.5 ஆகிறது. மெதுவாகப் போகும்போது சென்சார் சமாளித்துக்கொள்ளும். பழைய பெட்ரோலுக்கு மேப் போட்ட வண்டியை முழுசாக முறுக்கினால் பெட்ரோல் பற்றாது. அந்த இடத்தை டியூனர் ஈடுகட்டுகிறது.

ஐப்பசி மழையில் ஒருதரம் வயர்களை இணைக்கும் கப்ளருக்குள் தண்ணீர் இறங்கி எஞ்சின் லைட் எரிந்தது. உலர்த்தி, ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி, சீட்டுக்கு அடியில் உயரமாகக் கட்டியபின் தொந்தரவில்லை. வயரை வெட்டி ஒட்டச் சொல்லும் டியூனர் வேண்டவே வேண்டாம். கப்ளரில் சொருகுவதாக இருந்தால், வாரண்டி சர்வீசுக்கு விடும்முன் அரைமணி நேரத்தில் கழற்றிவிடலாம். மேப்பை மிதமாகவே வையுங்கள். பிளக் கறுத்து, புகையில் பெட்ரோல் வாடை அடித்தால் ஒருபடி இறக்குங்கள். இல்லாவிட்டால் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு எகிறும், கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் நாளடைவில் வீணாகும். அதை மாற்றும் செலவு டியூனர் விலையைத் தாண்டிவிடும்.